தட்டு மட்டும் போதுமாம்

காலத் தூக்கி பெஞ்சு மேல வெச்சுக்குங்க கண்ணு. இந்த ஜீப்புப் பின்கதவுச் சந்துல அட்டை ஏறும். பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங், ரெண்டு சொட்டு ரத்தங் குடிச்சுட்டு அதுபாட்டுக்கு உழுந்துரும். படுதாவத் தூக்காதீங்க. தூக்குனா மழ அடிக்குது, எறக்குனா புழுங்குது. என்ன பண்றது, இருக்கறத வெச்சுட்டு இருக்க வேண்டியதுதான்.

இல்லீங், இப்போதைக்கு நாம எங்கயும் போகப் போறதில்ல. உங்க ஊட்டுக்காரரு கவின் தம்பி நைலான் கயித்தக் கட்டி இழுத்தாரே, பாத்தீங்கல்ல? துணி காயப் போடற கயித்துல ஜீப்பு வருமா? பட்டுன்னு அந்து போச்சு. பின்சக்கரம் ரெண்டும் சேத்துக்குள்ள சம்மணம் போட்டு உக்காந்துருச்சு. டாக்டரு மேட்டுல ஏறி நின்னு போன் பண்ணிட்டிருக்காரு. எஸ்டேட்டுல இருந்து டிராக்டர் வரோணும். டிராக்டர்க்காரன் சோறு தின்னு, வெத்தல போட்டு, சாவியத் தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள பொழுது எறங்கிரும். டாக்டரு சம்சாரம் ஷோபனா மொத வண்டிய ஓட்டிட்டு மேல கேம்புக்கே போயிட்டா. உங்க வண்டி ஓடைக்கு அந்தப் பக்கம் நிக்குது. நீங்க எதுக்கு கண்ணு உங்க வண்டிய உட்டுட்டு எங்க வண்டியில ஏறுனீங்க? ஓ, வண்டி பூராக் கூடாரமா. பாவம். ஒரல்ல தலையக் குடுத்தாச்சு, இனி ஒலக்கைக்குப் பயந்து என்ன ஆகுது?

இந்தப் போசிப் பாத்திரத்த ஒருக்கா அணச்சுப் புடிச்சுக்குங்க, நான் காலு மாத்தி வெச்சுக்கறேன். பொள்ளாச்சியில இருந்து ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல இறுக்கிப் புடிச்சுட்டு வர்றேன், மரத்துப் போச்சு. கயித்துல கட்டித்தான் இருக்குது. ஆனாலும் எனக்கு நம்பிக்க வராது. ஆறு வருசமா இந்த ஜீப்புக் கூட்டத்தோட மலமலையாப் போறேன் கண்ணு, ஒரு மலையையும் நான் பாத்ததில்ல. போசியத்தான் பாத்திருக்கேன். எல்லாரும் எறங்கிப் போயி அருவியப் பாத்துட்டு வந்து, "அக்கா, என்னமா இருக்குது தெரியுமா"ம்பாங்க. நான் வெங்காயம் அரிஞ்சுட்டு இருப்பேன்.

உள்ள என்ன இருக்குதா? சொல்றேன் இருங்க. அவசரமா போறதுக்கு நமக்கு எங்க வழி இருக்குது?

நான் எப்படி இதுல வந்து மாட்டுனேன்னு கேளுங்க. மொத மொத ட்ரிப்புக்கு என்னைய யாருமே சமைக்கச் சொல்லல. ஆளுக்கு ஏதாச்சும் கொண்டு வரலாம்னு பேச்சு. ஷோபனா ரொட்டியும் ஜாமும் கொண்டாந்தா. இன்னொருத்தரு சிப்ஸு பாக்கெட்டு. வேறொரு மகராசி சாம்பாரு கொண்டாந்துச்சு கண்ணு, தூக்குப் போசியில. இந்த வண்டி குலுங்கற குலுக்கல்ல சாம்பாரு நிக்குமா? ஊடு போயிச் சேந்து ஒரு மாசம் அந்த வண்டியில பெருங்காயம் மணத்துச்சாம். நான் எதுக்கும் இருக்கட்டும்னு கட்டுச்சோறு கட்டியிருந்தேன். மலைக்கு மேல போனா, பசிக்கற பசிக்கு ரொட்டி எந்த மூலைக்கு? என்ற போசியச் சுத்தி எல்லாரும் குந்திட்டாங்க. வழிச்சுத் தின்னாங்க. தின்னு முடிச்சுட்டு டாக்டரு சொன்னாரு, "அக்கா, இனிமே சாப்பாட்டு டிபார்ட்மென்ட்டு நீங்கதான்"னு. எல்லாரும் கை தட்டுனாங்க.

அன்னிக்குக் கை தட்டுனவிங்க அதுக்கப்புறம் ஒருத்தரும் கரண்டி தொடல. நம்மளப் பாத்து ஊரே கை தட்டுனா, நாம மாட்டிக்கிட்டோம்னு அர்த்தம் கண்ணு. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரல.

லேசுப்பட்ட சோலியில்லீங் இது. கலியாண ஊட்டுக்குச் சமைக்கறவன்கூட எல பாத்துப் போட்டுட்டுப் போயிருவான். இங்க எலையில்ல, உக்கார எடமில்ல, கை கழுவத் தண்ணியில்ல. தண்ணியா எதுவும் இருக்கக் கூடாது. ஆறுனா கல்லாவக் கூடாது. அரிசி பருப்புச் சோறு ஆறுனா கல்லு, அது ஆகாது. தேங்கா போட்டது மத்தியானத்துக்குள்ள ஊசிப் போயிரும். நின்னுட்டே ஒரு கையில எடுத்துத் திங்கற மாதிரி இருக்கோணும். ஒரே போசியில இருந்து எட்டுக் கையி எடுத்தாலும் அசிங்கமாத் தெரியக் கூடாது. டாக்டருக்கு வெள்ளப்பூண்டு ஆகாது. ஷோபனாளுக்கு ராத்திரிக்கு அரிசி ஆகாது. இத்தனையும் யோசிச்சு, ஒருத்தரு மொகமும் கோணாமப் பங்கு வெக்கோணும். ஒரு வாரத்துக்கு எனக்கு வேற நெனப்பே இருக்காது. பல்லு வெளக்கறப்பக்கூட எள்ளு எவ்வளவு வறுக்கறதுன்னுதான் ஓடும்.

எனக்கு இது வேண்டவே வேண்டாம் கண்ணு. எத்தன தடவ சொல்லியிருப்பேன் தெரியுங்களா, வேற யாராச்சும் எடுத்துச் செய்யுங்கன்னு. யாரு செய்யறா? ஒருக்கா ஷோபனா சப்பாத்தி கொண்டாந்தா, உள்ள கெழங்கு வெச்சு. நான் ஒண்ணுஞ் சொல்லல. அதுக்குப் பக்கத்துல என்ற சந்தகையத் தொறந்து வெச்சேன், அவ்வளவுதான். சேவை மாதிரிப் புழிஞ்சு, எலுமிச்சம்பழம் போட்டுத் தாளிச்சது. அவ சப்பாத்தி அப்படியே ஊட்டுக்குத் திரும்பிப் போச்சு. அதுக்கப்புறம் அவ கொண்டாரதில்ல. ஆளுக நிக்க மாட்டேங்கறாங்க, நான் என்ன பண்ணட்டும்? அடுப்ப என்ற தலையில கட்டிட்டாங்க.

சிரிக்கறீங்களா? சிரிங்க, சிரிங்க. உங்களச் சொல்லல கண்ணு.

நீங்க நல்லதுக்குத்தான் அந்த லிஸ்ட்டு போட்டீங்க, எனக்குத் தெரியாதா? புதுசாக் கலியாணம் ஆகி வந்த புள்ள, ஐ.டி.யில வேல பாக்கற புள்ள, எல்லாத்தையும் கட்டம் கட்டிப் பாத்துத்தான் பழக்கம். குரூப்புல போட்டீங்க பாருங்க, ஆளுக்கு ஒண்ணுன்னு. தாரணி கவின்னு உங்க பேரு, பன்னீர் ரோலு. ஷோபனா, கேழ்வரகு அடை. இன்னாரு சுண்டலு, இன்னாரு பழம். எல்லாரும் கொஞ்சங் கொஞ்சம் கொண்டாந்து எல்லாரும் பங்கு போட்டுக்கலாம்னு. கடசியில, "கமலவேணி அக்கா எத்தன வருசமாக் கஷ்டப்படறாங்க, இந்தத் தடவ அவிங்க ரெஸ்ட் எடுக்கட்டும், அக்கா தட்டு மட்டும் கொண்டாந்தாப் போதும்"னு. ஒரு கைகூப்பற பொம்ம வேற.

தட்டு.

எத்தன பேரு அதுக்குக் கட்டவெரலத் தூக்குனாங்க தெரியுங்களா? டாக்டரு தூக்குனாரு. சாம்பாரு கொட்டுன மகராசி தூக்குனா. ஷோபனா ரெண்டு கையில தூக்குனா. பழகப் பழகப் பாலும் புளிக்கும்னு சும்மாவா சொன்னாங்க.

இல்ல, நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க? விடுங்க. நீங்க சொன்னதுல தப்பே இல்ல. நானுந்தான் ரெஸ்ட்டு வேணும் ரெஸ்ட்டு வேணும்னு சொல்லிட்டே இருந்தேன். குடுத்துட்டீங்க. சந்தோசம். எனக்கு வருத்தம் அதில்ல கண்ணு. சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க.

எங்கூட்டுக்காரரப் பாக்கறீங்கல்ல? அங்க நிக்கறாரு பாருங்க, சக்கரத்துக்கிட்டக் குனிஞ்சு, அந்தக் காக்கித் தொப்பி. காலையில இருந்து அவரு வாயில இருந்து ஏதாச்சும் வார்த்த வந்து கேட்டீங்களா? வராது. வாயில கொழுக்கட்டதான். தேங்கா நார் மில்லு வெச்சிருக்கறவருங்க. பகல் பூரா அந்த மெசினு சத்தத்துல நின்னு, கைச்சாடையிலயே வேல வாங்கிப் பழகிட்டாரு. ஊட்டுக்கு வந்தாலும் அதேதான். காப்பி வேணும்னா டம்ளரத் திருப்பி வெப்பாரு. போதும்னா கவுத்து வெப்பாரு. ஓசூர்ல இருந்து மக கூப்புட்டா, "இரு"ம்பாரு, போன என்ற கையில குடுத்துருவாரு. கெட்டவரில்லீங். குடி கெடையாது, சீட்டு கெடையாது, அடுத்தவிங்க சொத்து மேல கண்ணு கெடையாது. பேச்சும் கெடையாது. அந்த ஊட்டுக்குள்ள நான் பேசறது எனக்கே திரும்பி வந்து கேக்கும் கண்ணு, சொவத்துல முட்டி. சில நாளு மூச்சு முட்டற மாதிரி இருக்கும். கதவு தொறந்துதான் இருக்குது. எங்க போறது?

ஆனா ஒண்ணு. ட்ரிப்புக்கு முந்துன ஞாயித்துக்கெழம, எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டு, சமையக்கட்டுக்கு வருவாரு. ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருவாரு. ஒரு கிண்ணத்த எடுத்து மடியில வெச்சுட்டுப் பூண்டு உரிப்பாரு. அப்புறம் கேப்பாரு, "இந்த வாட்டி என்ன போடலாம்?"

அவ்வளவுதான் கண்ணு. அதைக் கேட்டாப் போதும், நான் ஆரம்பிச்சுருவேன். எலுமிச்சஞ் சோறுன்னு நான் சொல்லுவேன், "போன வாட்டி கொஞ்சம் காஞ்சு போச்சு"ம்பாரு. சந்தகைம்பேன், "மழக்காலம், கட்டி புடிக்கும்"பாரு. எல்லாம் ஞாபகம் வெச்சிருப்பாரு. எந்த ட்ரிப்புல யாரு ரெண்டாந்தரம் வாங்குனாங்க, எதுல உப்புக் கம்மி, எல்லாம். நான் பாட்டுக்குப் பேசிட்டே இருப்பேன், அவரு பூண்டு உரிச்சுட்டே இருப்பாரு, டாக்டருக்கு ஆகாதுன்னு தெரிஞ்சே உரிப்பாரு. அது ஊட்டுச் செலவுக்குன்னு வெச்சுக்குவேன். கடசியில எப்பவும் ஒரே எடத்துலதான் வந்து நிக்கும். "கட்டுச்சோறே கட்டிரு"ம்பாரு. அதைச் சொல்றதுக்கு ஒரு மத்தியானம் பூரா ஆகும் எங்களுக்கு. அந்த மத்தியானத்துக்காகத்தான் நான் இந்த வண்டியில ஏறறதே. எனக்குக் குலுக்கலும் புடிக்காது, அட்டையும் புடிக்காது. கூடாரத்துல படுத்தா இடுப்பு புடிச்சுக்கும்.

இந்தத் தடவ ஞாயித்துக்கெழம ஸ்டூலத் தொடச்சு வெச்சிருந்தேன். வந்தாரு. நின்னாரு. கையில போனு. அதைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "தட்டு மட்டும் போதுமாம்"னாரு. போயிட்டாரு.

அன்னிக்குப் பூரா அந்த ஸ்டூலு அங்கயே கெடந்துச்சு. நான் எடுத்து வெக்கல.

அழுகலைங்க. புழுக்கம். வேர்வ அது.

அப்பத்தான் எனக்கு வெறி வந்துச்சு. தட்டு என்ன தட்டு, நான் போடறேன் பாருன்னு. சொல்லிடறேன் கண்ணு, உங்ககிட்ட என்ன மறைக்கறது. இந்தப் போசி நெறையக் கட்டுச்சோறு. எல்லாருக்கும் ஆகறதுக்கு மேல இருக்கும். எள்ளு வறுத்துப் பொடிச்சுப் போட்டு, நெலக்கடல போட்டு, செக்கு நல்லெண்ணெ கையில வழியற மாதிரி. பருப்புத் தொவையலு தனியா ஓரத்துல. உங்க பன்னீரு ரோலுக்குப் பக்கத்துல தொறந்து வெக்கலாம்னுதான். ஒண்ணும் பேசறதில்ல, தொறந்து மட்டும் வெக்கறது. அப்பறம் பாக்கலாம், அடுத்த வாட்டி யாரு கட்டம் போடறாங்கன்னு.

தட்டா? தட்டு நான் வாங்கவேயில்ல. அட, கோவிச்சுக்காதீங்க. எதுல போட்டுத் திங்கறாங்கன்னு பாக்கலாம்னுதான். எல்லாத்தையும் யோசிச்சவிங்க அதையும் யோசிக்கட்டும்.

ஆனா இந்தப் போசிய வெக்க எடம் வேணுமுல்ல? இந்தப் பழைய ஜீப்புல எடம் எங்க இருக்குது? ரெண்டு பெஞ்சு, நடுவுல இந்தத் துண்டு எடம். இங்க எப்பப் பாத்தாலும் இவரு ஒரு தகரப் பெட்டி வெச்சிருப்பாரு. உள்ள ஒரு அகலமான நாடாக் கயிறு, பெரிய பெரிய கொக்கி, ஜாக்கி, மம்முட்டி, இன்னும் என்னென்னமோ கருமாந்தரம். நான் வந்த நாளா அந்தப் பெட்டி இருக்குது. ஒரு நாளும் தொறந்து நான் பாத்ததில்ல. எங்க வண்டிதான் எப்பவும் கடசீல வரும், முன்னாடி போறது சிக்குனாப் பின்னாடி இருக்கறது இழுக்கோணுமாம், அதனால அது எங்க வண்டியிலதான் இருக்கோணுமாம். சிக்குனாத்தான? காலையில பாத்தீங்கல்ல, வானம் எப்படித் தொடச்சு உட்ட மாதிரி இருந்துச்சு. மழ வரும்னு யாரு கண்டா? பெட்டிய ரெண்டு கையில இழுத்து, வாசல்ல எறக்கி வெச்சேன். முதுகே உட்டுப் போச்சு. அந்த எடத்துல போசிய வெச்சேன். அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காந்துச்சு.

நீங்க ஏன் இப்படிப் பாக்கறீங்க?

கயிறுங்களா? ஆமா, அதுலதான் இருக்கும்னு நெனக்கிறேன். ஆனா ஒரு கயிறு இல்லாட்டி இன்னொரு கயிறு. கயித்து மில்லுக்காரருங்க கண்ணு அவரு, அவருக்குக் கயித்துக்கா பஞ்சம்? அவரு வண்டிய அவருதான் பாத்து எடுத்து வெச்சுக்கோணும். நானா வண்டி ஓட்டறேன்? நான் சோத்துக்கு மட்டுந்தான் பொறுப்பு. அதுவும் இப்ப இல்ல.

இருங்க, டாக்டரு எறங்கி வர்றாரு. என்னமோ சத்தம் போடறாரு. அவரு மாட்டு டாக்டருங்க, தொண்ட எப்பவும் பெருசு. கொஞ்சம் படுதாவ விலக்குங்க, கேக்கலாம்.

கேட்டுச்சா? "சென்னியப்பண்ணே, கயித்து மில்லுக்காரரு வண்டியில கயிறு இல்லீன்னா ஊரு சிரிக்கும்"கறாரு. டிராக்டரு பொழுது சாஞ்சுதான் வருமாம். ஷோபனாளுக்கு ஓடையில தண்ணி ஏறிப்போச்சு, திரும்பி எறங்க முடியாதாம். அப்ப மொத வண்டியில ஏத்துன உங்க பன்னீரு ரோலும் கேழ்வரகு அடையும் மேல அவகிட்ட மாட்டிக்கிச்சு. எல்லாருக்கும் பசி. பாத்தீங்களா கண்ணு, சட்டியில இருக்கறது யாருகிட்டன்னு. நான் சொல்லல, சாமி சொல்லுது.

இருங்க இருங்க. அவரு என்னமோ சொல்றாரு. அவரு வாயத் தொறக்கறதே அதிசயம்.

"மறந்துட்டேன் டாக்டர். எம்பட தப்புத்தான். பெட்டிய எடுத்து வெக்க மறந்துட்டேன்"கறாரு.

ம்.

கவின் தம்பி என்ன சிரிப்பு சிரிக்கறாரு பாருங்க. "அண்ணனுக்கு வயசாயிருச்சு"ங்கறாரு. சிரிக்கட்டும். மறந்துட்டாராம். கேட்டீங்களா? எப்பவுமே இப்படித்தான்னு நெனச்சுக்காதீங்க. அவரு எதையுமே மறக்கறவரில்லீங். கேஸு மூடுனயான்னு ரெண்டு வாட்டி எந்திரிச்சுப் போயிப் பாக்கறவரு. மூணு வருசத்துக்கு முன்னால சோத்துல உப்புக் கம்மின்னு இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் வெச்சிருக்கறவரு. அவரு போயி மறந்துட்டேன்னு.

என்னங்க? காலையில அவரு அந்தப் பெட்டியப் பாக்கலையான்னா?

பாத்தாருங்க. வாசல்லதான இருந்துச்சு, தாண்டித்தான வரோணும்? வந்தாரு. பெட்டிக்கிட்ட நின்னாரு. அதைப் பாத்தாரு. வண்டிக்குள்ள எட்டிப் போசியப் பாத்தாரு. மூடியக் கொஞ்சம் தூக்கி மோந்து பாத்தாரு. அப்புறம் என்னையப் பாத்தாரு. நான் மொகத்தத் திருப்பிட்டேன், கேட்டா சண்ட போடலாம்னு தயாரா நின்னேன். ஒரு வார்த்த கேக்கலீங். ஏன் செஞ்சே, எதுக்குச் செஞ்சே, ஒண்ணுமில்ல. உள்ள போயி மில்லுக் கயித்துல ஒரு முழம் எடுத்துட்டு வந்து, போசிய ரெண்டு பெஞ்சுக் காலுக்கும் சேத்து இழுத்துக் கட்டுனாரு. சாயக் கூடாதுன்னு. இந்தா, இந்த முடிச்சு. அவரு போட்டதுதான். அப்பறம் ஏறி உக்காந்து வண்டிய எடுத்துட்டாரு. எனக்கு அதுதான் ஆத்தரம், ஒரு வார்த்த கேக்கலையேன்னு. பெட்டிய அங்கயே உட்டுட்டு.

அங்கயே உட்டுட்டு.

கண்ணு, இருங்க.

முப்பது வருசமா இந்த மனுசன் எங்கூடப் பேசறதில்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். எங்க அம்மாகிட்டச் சொன்னேன், மககிட்டச் சொன்னேன், இப்ப உங்ககிட்டச் சொல்றேன். உங்கள இதுக்கு முன்னால எனக்கு நல்லாக்கூடத் தெரியாது. அவரு அங்க மழையில நனஞ்சுட்டு நிக்கறாரு, நேத்து மீச மொளச்ச பசங்களெல்லாம் சிரிக்கறாங்க. உங்க கவின் தம்பியச் சொல்லல. தொப்பியக்கூடத் தலையில ஒழுங்கா வெக்காம, பாருங்க, எல்லாத் தண்ணியும் கழுத்துக்குள்ளதான் போகுது.

அந்த முடிச்ச அவுங்க. வராதுங்களா? இழுக்காதீங்க, அவரு முடிச்சு இழுத்தா இறுகும். தள்ளுனா அவுரும். ஆங், அப்படித்தான். போசிய ஓரமாத் தள்ளுங்க, நான் எறங்கோணும். ஆமா, நாந்தான். அட்டையாவது கிட்டையாவது. எத்தன ரத்தம் குடிச்சுரும்?

பரிமாறறத நீங்களே பாத்துக்குங்க கண்ணு. டாக்டரக் கூப்புடுங்க, கவின் தம்பியக் கூப்புடுங்க. தட்டு இல்லீன்னு பாக்காதீங்க, கையில உருண்ட புடிச்சுக் குடுங்க, கட்டுச்சோறு அதுக்குத்தான். ஓரத்துல இருக்கற தொவையல ஒரு கிள்ளு நடுவுல வெச்சுப் புடிக்கோணும். உங்க கையில எப்படி வருதோ அப்படிப் புடிங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

அதுக்கு முன்னால அந்த மூடியத் தொடச்சுக் குடுங்க. தட்டுக்கு அதுதான். அதுல கொஞ்சம் வைங்க. எண்ணெ ஊறுன அடிப்பக்கமாப் பாத்து எடுங்க, அவருக்கு அதுதான் புடிக்கும். இன்னுங் கொஞ்சம். பத்தாதுங்க, இன்னும் ரெண்டு கையி வைங்க. ரெண்டாளு திங்கோணுமில்ல.